பெட்ஸெட்: எது நின்றது, எது நின்றுபோனது?

பசுமைக் குடியிருப்பு பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு புகைப்படம் கண்ணில் படாமல் போகாது. வரிசையாக மூன்று மாடி வீடுகள், தெற்கு பார்த்த கண்ணாடி முகப்பு, கூரை மேலே சேவல் கொண்டை மாதிரி பல வண்ணத்தில் காற்றுக் கூண்டுகள். லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டன் பகுதியில் இருக்கும் பெட்ஸெட் குடியிருப்புதான் அது. முழுப்பெயர் 'பெடிங்டன் ஜீரோ எனர்ஜி டெவலப்மெண்ட்'. 2002-ல் கட்டி முடித்தார்கள். கட்டிடக் கலைஞர் பில் டன்ஸ்டர். கட்டியது பீபாடி டிரஸ்ட் என்கிற பழைய வீட்டுவசதி அறக்கட்டளை. சுற்றுச்சூழல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது பயோரீஜனல் என்ற அமைப்பு. பொறியியல் கணக்குகள் அரூப் நிறுவனம்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது முன்மாதிரி, கோயில் மாதிரி. இன்னொரு கட்சி, "ஜீரோ எனர்ஜின்னு சொல்லிட்டு கடைசியில கேஸ் பாய்லர்தானே ஓட்டினாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டு பேருமே பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரே குடியிருப்புக்குள் ஒரு பகுதி இன்றுவரை வேலை செய்கிறது, ஒரு பகுதி மூன்றே வருஷத்தில் படுத்துவிட்டது. எது எந்தப் பக்கம் போனது, ஏன் போனது என்று பிரித்துப் பார்த்தால், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடத்தை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவான பாடம் கிடைக்கிறது. அது நம்ம ஊர் அபார்ட்மெண்ட்களுக்கும் அப்படியே பொருந்தும்.

என்ன செய்வதாகச் சொன்னார்கள்?

ஏறத்தாழ 100 வீடுகள், கூடவே அலுவலக இடங்கள். விலைக்கு வாங்கியவர்கள், பங்குடைமையில் வந்தவர்கள், மலிவு வாடகைக்கு வந்தவர்கள் எல்லாரும் கலந்து இருக்கும்படி ஏற்பாடு. பணக்காரர்களுக்கு மட்டும் பசுமை என்று இல்லாமல் இருந்ததே முதலில் பாராட்ட வேண்டியது.

வடிவமைப்பை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் பாதி, கட்டிடமே செய்கிற வேலை. சுவரில் 300 மி.மீ. கனத்துக்கு வெப்பத்தடுப்பு. மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள். வீடுகள் தெற்கு பார்த்து, வெயில் வாங்க. அலுவலகங்கள் வடக்கு பார்த்து, ஏனென்றால் கம்ப்யூட்டரும் ஆட்களும் இருக்கும் இடம் தானாகவே சூடாகிவிடும். அந்த அலுவலகங்களின் கூரைதான் எதிர்வீட்டுக்காரரின் தோட்டம். மேலே இருக்கும் வண்ணக் கூண்டுகள் காற்றின் வேகத்திலேயே திரும்பி, உள்ளே புதுக் காற்றை அனுப்பும். வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும். மின்விசிறியும் மோட்டாரும் தேவையில்லை. கட்டுமானப் பொருட்களில் எடைக் கணக்கில் பாதிக்கு மேல் 35 மைல் சுற்றளவுக்குள் வாங்கியது.

இரண்டாவது பாதி, இயந்திரங்கள் செய்கிற வேலை. மரச்சில்லுகளை எரிவாயுவாக மாற்றி, அந்த வாயுவில் என்ஜின் ஓட்டி, மின்சாரமும் வெந்நீரும் ஒரே நேரத்தில் கொடுக்கும் 130 கிலோவாட் நிலையம். நகரத்தில் வெட்டிப் போடும் மரக்கிளைகளே எரிபொருள். அடுத்து, செடிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்து, கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்பும் நிலையம். மூன்றாவது, 777 சதுர மீட்டர் சூரிய மின் தகடுகள். முதலில் 40 மின்சாரக் கார்களை ஓட்டுவதற்காகத்தான் அவற்றைக் கணக்குப் போட்டார்கள்.

எது நின்றது?

2003-ல் அளந்து பார்த்தார்கள். பிரிட்டன் சராசரியோடு ஒப்பிட்டால் வீட்டைச் சூடாக்கும் தேவை 88 சதவீதம் குறைவு. வெந்நீர் 57 சதவீதம் குறைவு. மின்சாரம் 25 சதவீதம் குறைவு. கார் ஓடிய தூரம் 65 சதவீதம் குறைவு.

இந்த நான்கு எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு விஷயம் பிடிபடும். மிகப் பெரிய சேமிப்பு, சுவரும் ஜன்னலும் திசையும் செய்தது. அதற்கு ஆபரேட்டர் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது, ஆண்டு ஒப்பந்தம் கிடையாது. மனிதர்களின் பழக்கத்தைப் பொறுத்த மின்சாரத்தில் சேமிப்பு குறைவு. கார் விஷயத்தில் உதவியது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கார் நிறுத்த இடத்தைக் குறைத்தார்கள், பல பேர் பகிர்ந்து ஓட்டும் கார் கிளப் வைத்தார்கள், ரயில், பேருந்து பக்கத்தில் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் பாதியிலும் குறை இல்லாமல் இல்லை. தெற்குக் கண்ணாடி அறைகள் குளிர்காலத்தில் எதிர்பார்த்த அளவு சூடு தரவில்லை, கோடையிலோ கொதித்தன. ஆனால் இந்தக் குறைகளை ஒரு திரையோ, ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதோ ஓரளவு சமாளித்துவிடும். குடியிருக்கிறவர் கைக்கு எட்டும் குறை அது.

எது நின்றுபோனது?

மரச்சில்லு நிலையம் 2005-ல் நின்றுவிட்டது. காரணம் தெரிந்துகொள்ள அது எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மரத்தைக் குறைவான காற்றில் சூடாக்கினால் எரியும் வாயு வரும். கூடவே தார் போன்ற பிசுக்கும் வரும். வாயு சூடாக இருக்கும்வரை பிசுக்கு ஆவியாகவே இருக்கும். ஆறினால் குழாயிலும் வால்விலும் என்ஜினிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த மாதிரி நிலையத்துக்கு நிறுத்தாமல் ஓடுவதுதான் உடம்புக்கு நல்லது. ஆனால் சுற்றி வீடுகள். இரவில் ஓட்ட உள்ளாட்சி அனுமதிக்கவில்லை. ஆக, தினமும் நிறுத்து, ஆறவிடு, காலையில் திரும்பக் கிளப்பு. இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதைவிட மோசமான வேலை நேரம் கொடுக்க முடியாது.

தண்ணீர் நிலையத்தின் கதையும் இதேதான். எதிர்பார்த்த தரத்துக்குத் தண்ணீர் சுத்தமாகவில்லை. இவ்வளவு சின்ன அளவில் அதை ஓட்டுகிற செலவும் கட்டுப்படியாகவில்லை. பிறகு தேம்ஸ் வாட்டர் நிறுவனம் வேறு தொழில்நுட்பத்தை வைத்துச் சில ஆண்டுகள் ஆராய்ச்சியாக நடத்தியது. சூரியத் தகடுகள் வேலை செய்தன, ஆனால் 40 மின்சாரக் கார்கள் வந்து சேரவில்லை. மின்சாரம் வீடுகளுக்குப் போனது.

மரச்சில்லு நிலையத்தின் இடத்தில் கேஸ் பாய்லர் வந்தது. பின்னாளில், 2017-ல், மரத்துகள் உருண்டைகளை எரிக்கும் பாய்லர் வைத்தார்கள். அது வெந்நீர் மட்டும் தரும், மின்சாரம் தயாரிக்காது. அதாவது அதே நோக்கத்துக்குத் திரும்ப வந்தபோது, எளிய இயந்திரத்தோடு வந்தார்கள்.

ஒரு பாதி இன்னொரு பாதியோடு மோதியது

"முன்னோடி முயற்சி என்றால் சில தோல்வி இருக்கத்தான் செய்யும்" என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இயந்திரம் மக்கர் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த வடிவமைப்புக்குள் ஒரு முரண் இருந்தது.

மின்சாரமும் வெந்நீரும் சேர்த்துத் தரும் நிலையம் கட்டுப்படியாக வேண்டுமென்றால், வெப்பத்துக்கு வருஷம் முழுக்க வாடிக்கையாளர் வேண்டும். பக்கத்திலேயே நிற்கும் வீடுகளோ வெப்பமே தேவைப்படாதபடி கட்டப்பட்டவை. சுவர் எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவுக்கு அந்த நிலையத்துக்கு வேலை குறைந்தது. ஒரே திட்டத்தில் இட்லிக் கடையும் வைத்து, வீட்டுக்கு வீடு இலவச இட்லிப் பானையும் கொடுத்த மாதிரி.

இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம், அது பெட்ஸெட்டுக்குப் பெருமை. நிலையம் நின்றபோது யாரும் குளிரில் நடுங்கவில்லை. சாதாரண கேஸ் பாய்லர் போதுமாக இருந்தது, ஏனென்றால் தேவையே சிறியது. என் தொழிலில் ஒரு சேவை விழுந்தால் மொத்த சிஸ்டமும் விழக்கூடாது, குறைந்த வசதியோடாவது ஓட வேண்டும் என்பது பாலபாடம். பெட்ஸெட்டின் சுவர்கள் அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தன.

அப்படியென்றால் கேஸ் பாய்லரைக் காட்டிச் சிரிக்கும் கட்சிக்கும் பதில் இருக்கிறது. சராசரி வீட்டின் வெப்பத் தேவையில் எட்டில் ஒரு பங்கு மட்டும் கேட்கும் வீட்டுக்கு கேஸ் எரிப்பதும், சராசரி வீட்டுக்கு கேஸ் எரிப்பதும் ஒன்றில்லை. 'ஜீரோ' என்ற பெயர்தான் தோற்றது. வீடுகள் தோற்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அளவு. ஒரு சிக்கலான நிலையத்தைப் பார்த்துக்கொள்ள, 100 வீடானாலும் 2,000 வீடானாலும், ஏறக்குறைய அதே ஆட்கள் வேண்டும். ஷிப்டுக்கு ஒருவர், மூன்று பேர், தலைக்கு மாதம் 20,000 ரூபாய் என்று நம்ம ஊர்க் கணக்கில் வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000. நூறு வீடானால் வீட்டுக்கு 600 ரூபாய், சம்பளம் மட்டும். இரண்டாயிரம் வீடானால் 30 ரூபாய். இயந்திரத்தை எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதைப் பார்த்துக்கொள்கிற மனிதரைச் சின்னதாக்க முடியாது. ஒரு நகரம் செய்ய வேண்டிய வேலையை நூறு வீடுகளின் தலையில் வைத்ததுதான் பெட்ஸெட்டின் அடிப்படைப் பிழை.

இந்தூரில் வேறு மாதிரி யோசித்தார்கள்

"யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற கேள்வியை வரைபடத்திலேயே எழுப்பிய ஒரு குடியிருப்பு இந்தியாவில் இருக்கிறது. இந்தூரின் அரண்யா. பால்கிருஷ்ண தோஷியும் அவருடைய வாஸ்து சில்ப அறக்கட்டளையும் 1980-களில் வடிவமைத்தது. ஏறத்தாழ 85 ஹெக்டேர், 6,500 மனைகள். 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது தெரியும். ஒன்று குளிர்நாட்டில் கார்பன் கணக்குக்காகக் கட்டியது, இன்னொன்று ஏழைகளுக்கு வீட்டுமனை கிடைக்கக் கட்டியது. ஆனால் பத்து, இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு இரண்டும் எதிரெதிர் விடைகள். அதற்காகத்தான் ஒப்பிடுகிறேன்.

அரண்யாவில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது மனை மட்டும். மிக ஏழைகளுக்கு மனையோடு ஒரு கான்கிரீட் அடித்தளம், குழாய்–கழிப்பறை அடங்கிய ஒரு மையம், ஒரு அறை. மீதியை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளலாம். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை மட்டும் தோஷி வடிவமைத்தார். செங்கல், கல், சிமெண்ட் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும், ஆனால் எதை வைத்துக் கட்டுவது என்பது உரிமையாளர் விருப்பம். கழிவுநீருக்கு 20 வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். ஆறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஏழைகளை நடுவிலும், வசதியானவர்களை ஓரங்களிலும் மையச் சாலையை ஒட்டியும் வைத்தார்கள்.

இதில் என்ன பெரிய தொழில்நுட்பம் என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை, அதுதான் விஷயம். சுவர் விரிசல் விட்டால் அதே தெருவில் இருக்கும் கொத்தனார் வருவார். டேங்க் நிரம்பினால் இருபது வீட்டுக்காரர்கள் பேசி லாரியைக் கூப்பிட வேண்டும். இருபது வீடு என்பது ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற எண்ணிக்கை. ஆயிரம் பேர் சங்கத்தில் நடக்காத பேச்சு, இருபது வீட்டில் நடக்கும்.

அரண்யாவும் புனிதம் இல்லை. சிறிய மனைகள் கைமாறியிருக்கின்றன. அந்த மாதிரி வீடுகளையே மக்கள் இடித்தும் கூட்டியும் மாற்றிவிட்டார்கள். கட்டிடக்கலைப் பத்திரிகைகள் எடுத்த அழகான படத்தோடு இன்றைய தெருவை ஒப்பிட்டால் சிலருக்கு வருத்தம் வரும். எனக்கு வரவில்லை. மாறுவதற்காகவே கட்டியது மாறியிருக்கிறது. ஆனால் ஆற்றல், தண்ணீர் பற்றி அரண்யா அதிகம் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்ஸெட் அளந்த மாதிரி அங்கே அளந்து பார்க்க ஏற்பாடு இல்லை. மனிதர்களைப் பற்றிய கணக்கை அரண்யாவிடமும், அளந்து பார்க்கும் நேர்மையைப் பெட்ஸெட்டிடமும் கற்கலாம்.

நம்ம ஊர் அபார்ட்மெண்ட்டில் நடப்பது

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், பெட்ஸெட்டின் இரண்டாவது பாதியைத்தான் நாம் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருக்கிறோம், முதல் பாதியை விட்டுவிட்டு.

2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் கட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிடும். நோக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் எஸ்.டி.பி. என்பது ஒரு தொட்டி இல்லை, ஒரு உயிருள்ள சமாச்சாரம். உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தினமும் தீனி வேண்டும், காற்று வேண்டும். புளோயர் கிட்டத்தட்ட நாள் முழுக்க ஓட வேண்டும். கால்வாசி வீடுகளில் மட்டும் ஆள் வந்திருக்கும் முதல் இரண்டு வருஷத்தில், முழுக் கொள்ளளவுக்குக் கட்டிய தொட்டிக்குத் தீனி போதாது. பாக்டீரியா வளராது. நாற்றம்தான் வளரும்.

நான் இருக்கும் குடியிருப்பிலேயே இதைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் புளோயரை நிறுத்தினார்கள். கழிப்பறைத் தொட்டிக்கு வந்த மறுசுழற்சித் தண்ணீர் மஞ்சளாக நாறியது. பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அந்தக் குழாய் வரிசையையே மூடிவிட்டு நல்ல தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். கழிவுநீரை எடுக்க ஒரு லாரி, நல்ல தண்ணீர் கொண்டுவர ஒரு லாரி, இரண்டும் கேட்டில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். சுவரில் 'கிரீன் ஹோம்ஸ்' பலகை பளபளவென்று இருக்கிறது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கெட்டுப்போகும் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். பெடிங்டனில் நடந்ததேதான்.

அதே வளாகத்தில் ஒரு மழைநீர்க் குழி இருக்கிறது. 2003-ல் தமிழ்நாடு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் பலன். மொட்டை மாடிக் குழாய், ஜல்லி, மணல், கிணறு. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், இரண்டு பேர் வந்து மணலை வாரிக் கழுவிப் போடுவார்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பலகையும் இல்லை.

சட்டத்திலும் ஒரு இடைவெளி இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் குறைகளை பில்டர் சரிசெய்ய வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சரியாகக் கட்டிய நிலையத்தை ஓட்ட ஆள் இல்லை என்பது கட்டுமானக் குறையில் வராது. அதை வாங்கியவர்கள் தலையில்தான் கட்டுவார்கள், வாங்கும்போது யாரும் அந்தச் செலவைச் சொல்வதில்லை.

முதல் பாதிக்கு வருவோம். லண்டனில் அது வெயிலை உள்ளே இழுப்பது. இங்கே வெயிலை வெளியே நிறுத்துவது. ஜன்னலுக்கு மேல் ஆழமான சன்ஷேடு, மேற்குச் சுவருக்கு நிழல், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் காற்று, வெள்ளை பூசிய மொட்டை மாடி. இதற்கெல்லாம் ஆபரேட்டர் வேண்டாம். ஆனால் இவை ஃபிளாட்டின் விற்பனை இடத்தைத் தின்னும், பிரோஷரில் அழகாகத் தெரியாது. அதனால் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு, ஐந்து நட்சத்திர ஏ.சி. போட்டுப் பசுமை என்கிறோம். பெட்ஸெட் புகைப்படத்தில் இருந்து கண்ணாடியை மட்டும் காப்பி அடித்தால் இதுதான் கதி.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒரு குடியிருப்புத் திட்டத்தைப் பார்க்கும்போது, அது விருது வாங்கியதாக இருந்தாலும் சரி, நாளைக்கு நீங்கள் முன்பணம் கட்டப்போவதாக இருந்தாலும் சரி, இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. எல்லா மோட்டாரையும் ஒரு வாரம் நிறுத்தினால், எவ்வளவு வசதி மிஞ்சும்? மிஞ்சுவதுதான் உண்மையான வடிவமைப்பு.

2. ஒவ்வொரு பொது இயந்திரத்தையும் பத்தாவது வருஷம் யார் பழுது பார்ப்பார்? அந்த ஆள் இந்த ஊரில் கிடைப்பாரா, ஒரே ஒரு கம்பெனியிடம் மட்டும் இருப்பாரா?

3. அதன் மாதச் செலவை இத்தனை வீடுகள் தாங்குமா? பாதி வீடு காலியாக இருக்கும்போதும் தாங்குமா? தாங்காது என்றால் அந்த வேலை பல குடியிருப்புகள் சேர்ந்தோ மாநகராட்சியோ செய்ய வேண்டியது.

4. குடிவந்த பிறகு யாராவது அளப்பார்களா, அளந்ததை வெளியே சொல்வார்களா?

நான்காவது கேள்விக்கு பெட்ஸெட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அவர்கள் அளந்தார்கள், நின்றுபோனதை நின்றுபோனது என்று எழுதினார்கள். உணவு, விமானப் பயணம் மாதிரி வீட்டுக்கு வெளியே நடப்பவற்றைச் சேர்த்தால், அங்கே குடியிருப்பவர்களின் மொத்தச் சுவடு பூமி தாங்கும் அளவுக்கு இறங்கவில்லை என்பதையும் பயோரீஜனல் தானே சொன்னது. அவர்கள் சொன்னதால்தான் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து குறை சொல்ல முடிகிறது. பலகை மாட்டிய நம்ம ஊர் வளாகங்களில் எத்தனை, குடிவந்து மூன்று வருஷம் கழித்துத் தண்ணீர்க் கணக்கையும் மின் கணக்கையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகின்றன? உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள். புளோயர் நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது என்று தொடங்கினாலே போதும்.